கம்பி இயர்போன்களை ஒப்பிட்டுப் பரிந்துரைப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

"இரண்டாயிரம் ரூபாய்க்குள் நல்ல இயர்போன் ஒன்று சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால், நம்மில் பெரும்பாலோர் அந்த நேரத்தில் நம் காதில் இருப்பதன் பெயரையே சொல்லிவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். மாதக்கணக்கில் கேட்டு, மூன்று நான்கு மாடல்களோடு ஒப்பிட்டு, இந்த விலையில் இதற்கு மேல் கிடையாது என்று நானே முடிவுகட்டியிருந்த காதுத் துளைக்குள் செருகும் ஐ.இ.எம் வகை இயர்போன் ஒன்றைச் சித்தப்பா மகனை வாங்க வைத்தேன். மூன்றாம் நாள் அழைத்து, "அண்ணே, இதுல பாஸே இல்ல. ரயில்ல விக்கிற நூறு ரூபா ஹெட்செட்டே தேவலாம்போல" என்றான். அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது அவன் மாட்டிக்கொள்ளும் விதத்தைப் பார்த்தேன். இடது பக்கத்து டிப், அதாவது முனையில் மாட்டும் மிருதுவான உறை, காதுத் துளைக்குள் போகவே இல்லை. வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றது. பெட்டியில் தொடப்படாமல் கிடந்த சிறிய டிப்பை எடுத்து அந்தப் பக்கத்துக்கு மட்டும் மாட்டிக் கொடுத்தேன். அதே பாட்டை மறுபடி ஓடவிட்டான். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை; பிறகு ஒலியளவை இரண்டு புள்ளி குறைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். காது, டிப், இயக்கும் கருவி, ஒலியளவு ஆகிய நான்கையும் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு எது மிஞ்சுகிறதோ, அதுவே இரண்டு இயர்போன்களுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு. அந்த நான்கையும் விட்டுவிட்டு எழுதப்படும் ஒப்பீடுகளே பெரும்பான்மையாக இருப்பதால், ஒரே இயர்போனை ஒருவர் இருண்டது (மேல் ஒலி மங்கியது) என்றும் இன்னொருவர் கூசுகிறது என்றும் எழுதுவதைக் காண்கிறோம்.

முதல் படி: எந்த இனம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கடையில் இயர்பட்ஸ் என்று கேட்டால் இன்றைக்கு ப்ளூடூத் பெட்டியைத்தான் எடுத்து வைப்பார்கள். கம்பி வைத்தவற்றில் இரண்டு இனங்கள் உண்டு. காது மடலின் குழியில் தட்டையாக அமர்வது ஓர் இனம். 2012இல் ஐஃபோன் 5உடன் வந்த இயர்பாட்ஸும், பழைய சென்ஹைசர் எம்எக்ஸ்500இன் கூட்டின் வடிவத்தில் வரும் விஇ மங்க் ப்ளஸும் இந்த இனத்தவை. டிப் மாட்டி காதுத் துளைக்குள் செருகுவது மற்றோர் இனம், ஐ.இ.எம் என்று ஆர்வலர்கள் சொல்வது இதைத்தான். எட்டிமோட்டிக் நிறுவனம் 1991இல் கொண்டுவந்த இஆர்4 இந்த வழியின் முன்னோடிகளில் ஒன்று.

தட்டை வகை காதை அடைப்பதில்லை. ஆகவே அடிமட்ட பாஸ் அதிலிருந்து கசிந்து போய்விடும், வெளிச்சத்தம் தாராளமாக உள்ளே வரும். வீட்டில் அழைப்பு மணி, குக்கர் விசில், குழந்தையின் அழுகை ஆகியவற்றைக் கேட்க வேண்டியவருக்கு அதுவே வசதி. இவ்விரண்டு இனங்களையும் ஒரே தராசில் வைத்து, தட்டை வகைக்குப் பாஸ் போதாது என்று மதிப்பெண் குறைப்பது வீண் வேலை.

இரண்டாம் படி: டிப்பையும் சீலையும் முடித்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்

ஐ.இ.எம் ஒன்றின் பாஸ் முழுவதும், டிப் காதுத் துளையை எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறது, அதாவது சீல் எப்படி, என்பதைப் பொறுத்தது. ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி சரிந்துவிடும். மேல் ஒலிகள் அப்படியே இருக்கும். கேட்பவருக்கு அது கசிவாகத் தோன்றாது, இயர்போனே மெலிந்ததாகவும் கூர்மையாகவும் தோன்றும்.

சோதிப்பது எளிது. 40 ஹெர்ட்ஸ் ஒலியை உருவாக்கும் செயலி ஒன்றைக் கைபேசியில் திறந்து, மிதமான அளவில் ஓடவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது ஒலி சட்டென்று பெருத்தால் அந்தப் பக்கம் கசிகிறது என்று பொருள். அதையே மறு காதுக்கும் செய்யுங்கள். இரண்டு காதுகளுக்கும் வேறு வேறு அளவு டிப் தேவைப்படுவது குறையன்று, மிகச் சாதாரணம். எனக்கே இடப்புறம் நடு அளவும் வலப்புறம் பெரிய அளவும் வேண்டியிருக்கிறது.

டிப் மாறினால் ஒலியும் மாறும் என்பதால், ஒப்பிடும் இரண்டு இயர்போன்களுக்கும் கூடுமானவரை ஒரே டிப்பை மாட்டுங்கள். ஃபோம் டிப் பொதுவாக மேல் ஒலிகளைச் சற்று மட்டுப்படுத்தும். வாய் அகன்ற சிலிக்கான் டிப் அவற்றைத் திறந்துவிடும். இயர்போனின் மூக்கு, அதாவது டிப் மாட்டும் குழல், எவ்வளவு தடிமன் என்பதையும் கவனிக்க வேண்டும். 6 மில்லிமீட்டரைத் தாண்டிய மூக்கு, சிறிய காதுகளில் அரை மணி நேரத்துக்குள் வலி கொடுக்கத் தொடங்கிவிடும். மதிப்புரை எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவதுதான் எனக்குப் பெரும் ஆதங்கம். மாட்டவே முடியாத இயர்போனின் ஒலி எப்படி இருந்தால் யாருக்கு என்ன?

கழற்றி மாட்டும் கேபிள் உள்ளவற்றில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். 0.78 மில்லிமீட்டர் இரட்டை ஊசி இணைப்பில் ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிச் செருகிவிட்டால், இரண்டு பக்கத்து அதிர்வும் எதிரெதிராகிவிடும். தலையின் நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் இரண்டு பக்கமும் சிதறி, பாஸ் காணாமல் போகும். புதிய கேபிள் மாற்றியதும் ஒலிமேடை (இசை பரந்து கேட்கும் உணர்வு) விரிந்துவிட்டது என்று வியந்து எழுதுபவர்களில் சிலருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மூன்றாம் படி: இயக்கும் கருவியைக் கணக்கில் எடுங்கள்

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களில் உருப்படியானவை இரண்டு: மின்தடை, உணர்திறன். உணர்திறன் என்பது, கொடுத்த மின்சாரத்துக்கு இயர்போன் எவ்வளவு உரத்து ஒலிக்கும் என்பது. அதைச் சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும், வேறு சில ஒரு வோல்ட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும் தருகின்றன. இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. மில்லிவாட் கணக்கை வோல்ட் கணக்காக்க, 16 ஓம் இயர்போனுக்கு 18 டெசிபலும், 32 ஓமுக்கு 15 டெசிபலும், 64 ஓமுக்கு 12 டெசிபலும், 300 ஓமுக்கு 5 டெசிபலும் தோராயமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

16 ஓம் இயர்போன் ஒன்று மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் என்றும், 32 ஓம் இயர்போன் ஒன்று வோல்ட்டுக்கு 110 டெசிபல் என்றும் அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் இரண்டாவதுதான் உரத்தது என்று தோன்றும். முதலாவதை மாற்றினால் 105உடன் 18 சேர்ந்து 123 ஆகிறது. அதாவது ஒரே கைபேசியில், ஒரே ஒலியளவுப் புள்ளியில், முதலாவது 13 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். கடை மேசையில் இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

அடுத்தது, கருவியின் வெளியீட்டு மின்தடை, அதாவது இயர்போனை இயக்கும் கருவி தன் பங்குக்குச் சேர்க்கும் தடை. இயர்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் அது இருக்க வேண்டும் என்பது ஆர்வலர்களிடையே வழங்கும் கைக்கணக்கு. 16 ஓம் என்றால் 2 ஓமுக்குள். ஒலியை எழுப்பும் டிரைவர், சிறு ஸ்பீக்கர் போன்ற டைனமிக் வகையில் ஒன்றே உள்ளவற்றில் மின்தடை எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய சமமாக இருப்பதால் இதை மீறினாலும் பெரிய மாற்றம் தெரியாது. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்னும் மிகச் சிறிய டிரைவர்கள் பலவற்றை அடுக்கி வைத்தவற்றிலோ மின்தடை ஏறி இறங்கும். கருவி மாறினால் ஒலியின் நிறமே மாறிவிடும். இந்த விளைவை வேண்டுமென்றே பயன்படுத்திய மாடலும் உண்டு. ட்ரூத்இயர் ஜீரோ ரெட் பெட்டிக்குள்ளேயே 10 ஓம் அடாப்டர் ஒன்று வருகிறது. இடையில் அதைச் செருகினால் பாஸ் கூடும்.

கைபேசியில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாதவருக்கு டாங்கிள், அதாவது சார்ஜ் துளையில் செருகி இயர்போனை இணைக்கும் சிறு மாற்றி, ஒன்று கட்டாயம். ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிள் மலிவானது, அளவீட்டில் மிகத் தூய்மையானது. அமெரிக்க வகை சுமார் 1 வோல்ட் தரும், ஐரோப்பிய வகை அதில் பாதி. ஆனால் பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அதன் ஒலியளவு தாழ்ந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. பரிந்துரைக்கும்போது இதைச் சொல்லாமல் விட்டால், பழி இயர்போன் மேல்தான் விழும்.

நான்காம் படி: கிராஃபைப் படியுங்கள், ஆனால் அதன் எல்லைக்குள்

இயர்போனின் அதிர்வெண் வரைபடம், காதுத் துளையின் கன அளவையும் தடையையும் ஒத்த கப்ளர் என்னும் உலோகக் குழலில் செருகி அளக்கப்படுகிறது. ஐஈசி 60318-4 என்ற தரத்திலான கப்ளரை இன்றும் பழைய பெயரில் 711 என்றே அழைக்கிறோம். அந்த வரைபடத்தில் 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடு தெரியும். அது குறையன்று. திறந்த காதுத் துளை இயல்பாகவே அந்தப் பகுதியைப் பெருக்குகிறது. டிப் வைத்து அடைத்துவிட்டால் இழக்கும் அந்தப் பெருக்கத்தை இயர்போனே ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

அடையாளக் கோடாகப் பலரும் வைத்துக்கொள்வது, ஒலி ஆய்வாளர் ஷான் ஆலிவும் அவருடன் பணியாற்றியவர்களும் ஹார்மன் நிறுவனத்தில் கேட்போரைக் கொண்டு நடத்திய சோதனைகளிலிருந்து உருவான ஹார்மன் டார்கெட். ஐ.இ.எம்முக்கான அதன் 2019ஆம் ஆண்டு வடிவம் பரவலாகப் புழங்குகிறது. அது பலரின் விருப்பத்தைத் தொகுத்த ஒரு நடுக்கோடு. உங்கள் காதுக்கென்று தைத்த சட்டையல்ல. மேல் நடுப்பகுதி (3 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது) அதில் எனக்குச் சற்றுக் கூடுதலாகவே படுகிறது, குறிப்பாகப் பெண் குரல்களில்.

இரண்டு கோடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும்போது, அவை எந்த அதிர்வெண்ணில் சேர்த்துவைக்கப்பட்டிருக்கின்றன என்பதை முதலில் பாருங்கள். 1 கிலோஹெர்ட்ஸில் சேர்த்தால் ஒன்றுக்குப் பாஸ் கூடுதலாகத் தெரியும். 200 ஹெர்ட்ஸில் சேர்த்தால் அதே இரண்டில் மற்றொன்றுக்கு ட்ரெபிள், அதாவது மேல் ஒலி, கூடுதலாகத் தெரியும். 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டி எழும் கூர்முனை பெரும்பாலும் கப்ளரின் சொந்த ஒத்ததிர்வு. செருகும் ஆழம் மாறினால் அது நகரும். உங்கள் காதில் வேறிடத்தில் இருக்கும். எங்கே என்று அறிய, ஒற்றை ஒலியை 5 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12 கிலோஹெர்ட்ஸ் வரை மெல்ல நகர்த்திக் கேளுங்கள். எந்த இடத்தில் குத்துகிறதோ அதுவே உங்கள் முனை. அதற்கு மேலே கோடு எப்படி நெளிந்தாலும் அதை வைத்து வாதாட வேண்டாம்.

ஐந்தாம் படி: ஒலியளவைச் சமன்செய்து கேளுங்கள்

ஒலியளவு மாறும்போது பாஸை நாம் உணரும் விகிதமும் மாறுகிறது என்பதை பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே வரைந்து காட்டிவிட்டார்கள். ஒலி கூடினால் பாஸ் நிறைந்ததாகவும், நுணுக்கங்கள் மேலெழுவதாகவும் தோன்றும். ஆகவே சற்றே உரத்து ஒலிப்பது, அது எதுவாக இருந்தாலும், வென்றுவிடும். ஒன்றிரண்டு டெசிபல் வேறுபாட்டைக் காது உரப்பாக அடையாளம் காண்பதில்லை, தரமாகவே எடுத்துக்கொள்கிறது. ஏமாற்றம் தொடங்கும் இடம் இதுதான்.

சீனத்தில் தயாராகும் மலிவான 711 வகைக் கப்ளர் ஒன்று கையில் இருந்தால் 500 ஹெர்ட்ஸ் முதல் 1 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இரண்டையும் அளந்து சமன்செய்துவிடலாம். இல்லாதவர்கள் காதை நம்பித்தான் ஆக வேண்டும். பாட்டை வைத்துச் செய்யாதீர்கள். ஒரே மனிதர் பேசும் பதிவொன்றை எடுத்து, அவர் எதிரில் அமர்ந்து பேசும் அளவுக்கு முதல் இயர்போனில் ஒலியை வையுங்கள். இரண்டாவதற்கு மாறி அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு புள்ளிகளையும் தாளில் குறித்துக்கொண்டு, மறுநாள் மீண்டும் செய்து பாருங்கள். இரண்டு நாளும் ஒத்துவந்தால் அதுவே உங்கள் அளவு.

இதற்குப் பின்னும் ஒரு சிக்கல் உண்டு. நுண்ணிய ஒலி வேறுபாடுகளை நினைவு சில நொடிகளுக்கு மேல் தாங்குவதில்லை; ஆனால் ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டிச் சீல் சரிபார்க்க அரை நிமிடமாவது ஆகிறது. எனவே நான் நொடிக்கு நொடி மாற்றிப் பார்ப்பதைக் கைவிட்டுவிட்டேன். ஓர் இயர்போனை ஒரு வாரம் மட்டும் கேட்டுவிட்டு, பிறகு மற்றொன்றுக்கு மாறி மேலும் ஒரு வாரம் கேட்டபின் முதலாவதற்குத் திரும்புகிறேன். அந்தத் திரும்பும் கணத்தில் எழும் முதல் உறுத்தல், ஏதோ மூடியது போலவோ குத்துவது போலவோ தோன்றும் அந்த உணர்வு, எனக்கு மிக நம்பகமான குறிப்பாக இருந்திருக்கிறது.

நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி கனிந்துவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம் வீதம் கேட்டால் அது ஐம்பது நாள். கடை திருப்பி வாங்கும் காலக்கெடு அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். கனிவது பெரும்பாலும் நம் பழக்கம்தான்.

ஆறாம் படி: எதைக் கேட்டுச் சோதிப்பது

ஆங்கிலப் பதிவுகளின் பட்டியல் ஒன்று எல்லா இடங்களிலும் சுற்றிவருகிறது. தமிழ்க் காதுக்கு அதைவிட நல்ல உரைகல் நம் கையிலேயே இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பியில் விழும் கும்காரம் வீங்காமல் வளைந்து இறங்குகிறதா, அதே நேரம் வலந்தலையின் நாதம் தனியாகப் பிரிந்து கேட்கிறதா என்று பாருங்கள். பாஸ் நடுப்பகுதிக்குள் கசிந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த பதிவு, மேல் நடுப்பகுதிக்கு வைக்கும் பரீட்சை. 3 கிலோஹெர்ட்ஸ் பகுதி மிகையானால் நாகஸ்வரம் ஐந்து நிமிடத்தில் கழற்ற வைத்துவிடும். தம்பூராவின் கம்பிகள் எழுப்பும் மேல் இழைகள் தூளாகச் சிதறாமல் ஒரே நூலாக நீண்டால் ட்ரெபிள் சீராக இருக்கிறது என்று கொள்ளலாம்.

குரலுக்கு, நீங்கள் நூறு முறை கேட்ட பாட்டையே எடுங்கள். "ச", "ஸ", "ஷ" வரும் இடங்களில் ஊசி குத்துவது போலிருந்தால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை எங்கோ மிகை. எழுபதுகளின் மோனோ பதிவு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: குரல் தலையின் நடுவில் அசையாமல் நிற்க வேண்டும்; ஒரு பக்கம் சாய்ந்தால் இடவலப் பொருத்தத்தில் கோளாறு, அல்லது மூக்கின் வாயிலுள்ள வலைக்கண்ணியில் காதழுக்கு அடைத்திருக்கிறது. பழைய இயர்போனுக்கு இரண்டாவதுதான் பெரும்பாலும் காரணம்.

கேட்டதை எழுதும்போது "டீடெயில்" என்ற சொல்லைச் சிக்கனமாகச் செலவிடுங்கள். ட்ரெபிளைத் தூக்கிவைத்த எந்த இயர்போனும் முதல் பத்து நிமிடம் நுணுக்கமானதாகத் தோன்றும். "மூன்றாவது சரணத்தில் வயலின் பின்னால் ஒளிந்திருந்த கடம் இதில் தெரிகிறது, அதில் தெரியவில்லை" என்று எழுதினால் படிப்பவர் தாமே சோதித்துப் பார்க்கலாம்.

ஏழாம் படி: கேட்பவரிடம் முதலில் கேளுங்கள்

இப்போது என்ன வைத்திருக்கிறீர்கள், அதில் எது பிடிக்கவில்லை, எங்கே கேட்பீர்கள், கைபேசியில் துளை உண்டா, அழைப்புக்கு மைக் வேண்டுமா, சிறிய டிப்தான் பொருந்துமா: இவ்வளவு போதும். விடைகளில் மிக முக்கியமானது இரண்டாவது. பாஸ் போதவில்லை என்பவருக்கும் பாஸ் இரைகிறது என்பவருக்கும் ஒரே மாடலைச் சொல்லும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

பேருந்திலும் ரயிலிலும் கேட்பவருக்கு, ஒலியை விடச் சத்தத்தை அடைப்பதே முதன்மை. வெளிச்சத்தம் உள்ளே வந்தால் அதை விஞ்ச ஒலியளவை ஏற்றுவார்; வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பு எல்லை. இவருக்கு எட்டிமோட்டிக் இஆர்2 போன்ற ஆழச் செருகும் வகை மிகப் பொருத்தம். ஆனால் மூன்றடுக்கு டிப் காதுக்குள் அவ்வளவு தூரம் போவதைத் தாங்க முடியாதவர்கள் உண்டு, முன்கூட்டியே எச்சரியுங்கள்.

இரண்டாயிரத்தை ஒட்டிய விலையில், சமநிலையான ஒலியுடன் தொடங்க விரும்புபவருக்கு மூன்டிராப் சூ 2ஐயோ, கிரினக்கிள் என்ற பெயரில் அறியப்படும் விமர்சகர் ட்யூன் செய்த 7ஹெர்ட்ஸ் ஜீரோ 2ஐயோ சொல்வேன். இரண்டிலும் ஒற்றை 10 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவரும், கழற்றக்கூடிய இரட்டை ஊசிக் கேபிளும் உள்ளன. பாஸ் சற்றுக் கூடுதலாக வேண்டும் என்றால் ஜீரோ 2. கூடு உலோகமாக, சிறியதாக வேண்டும் என்றால் சூ 2. இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தவருக்கு ஜீரோ ரெட் நல்ல படி. ஆனால் அதன் மூக்கு தடிமனானது, சிறிய காதுக்காரருக்கு நான் சொல்வதில்லை. வீட்டில் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டியவருக்கு மங்க் ப்ளஸ் போதும். அது 64 ஓம் என்பதால் கைபேசியில் ஒலியளவுப் பட்டையைக் கூடுதலாகத் தள்ள வேண்டிவரும்.

ஐந்து பெயர்களை அடுக்காதீர்கள். ஒன்றைச் சொல்லுங்கள், அது எந்த இடத்தில் ஏமாற்றும் என்பதையும் சொல்லுங்கள், டிப்புக்கும் டாங்கிளுக்கும் ஆகும் செலவைத் தொகையில் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் எந்தக் கருவியில், எந்த டிப்பில், எவ்வளவு நாள் கேட்டீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பொருள் கைக்கு வந்ததும் 40 ஹெர்ட்ஸ் சோதனையைச் செய்துவிட்டு அழைக்கச் சொல்லுங்கள்.

சித்தப்பா மகன் இன்னும் அதே இயர்போனைத்தான் வைத்திருக்கிறான். போன தீபாவளிக்கு வந்தபோது அதை என் கையில் கொடுத்து, வலது பக்கம் மெதுவாகக் கேட்கிறது, புதிதாக ஒன்று சொல்லுங்கள் என்றான். வலைக்கண்ணியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.